சனிக்கிழமை நீ வரத் தேவையில்லை

பெருமதிப்பிற்குரிய அக்கா ஜெனீவாவுக்கு, தம்பி ஆர்விட் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், முழங்கால் உட்பட. உன் நலத்தையும் பூனையின் நலத்தையும் அறிய ஆவல்.

சென்ற ஏப்ரல் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எவருடைய வற்புறுத்தலும் இன்றி, ஒரு பிளாஸ்டிக் தட்டை எறிவது என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் இன்றும் உறுதியாக இருக்கிறேன். மேலே சொல்வதற்கு முன், நீ ஞாயிற்றுக்கிழமை போனில் கத்தியதை அப்படியே கீழே தருகிறேன், பிறகு நீ மறுக்கக்கூடாது என்பதற்காக.

"ஆர்விட், முன்பின் தெரியாதவங்க பதினோரு பேர் எனக்கு போன் பண்ணிட்டாங்க! ஒருத்தன் எடுத்த எடுப்பிலேயே, 'அம்மா, ஆர்விட் குளத்துல கிடந்தாரு, வெளிய எடுத்துட்டோம்'ங்கிறான். நான் அப்படியே நாற்காலியில உட்கார்ந்துட்டேன். உனக்குப் புத்தி பிசகிப்போச்சு. வீட்டுச் சாவியையும் எங்கேயாவது தொலைக்கத்தான் போற. சனிக்கிழமை வண்டி எடுத்துட்டு வர்றேன். அந்த வீட்டைப் பூட்டிட்டு என் கீழ்த்தளத்து அறையில வந்து இரு."

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய். ஆகவே எழுத்தில்: மாட்டேன்.

நடந்தது இதுதான். டிஸ்க் கோல்ஃப் என்பது தட்டை எறிந்து, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழச்செய்வது. கடைக்காரப் பெண் டெஸ், "ஐயா, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு மெதுவான தட்டு போதும். பதிமூணாம் நம்பர்னா இருக்கிறதுலயே அதிக வேகம், உங்க கைக்கு அடங்காது" என்றாள். முப்பத்துநாலு வருஷம் தபால் பையோடு நாய்களுக்கு முன்னால் ஓடியவனிடம் வேகத்தைப் பற்றிப் பேசாதே என்று சொல்லி, பதிமூன்றையே பெட்டி நிறைய வாங்கினேன். மெதுவானது ஒன்றே ஒன்று, அவள் மனசு நோகக்கூடாதே என்று. முதல் தட்டு நேராகத்தான் புறப்பட்டது. பாதி வழியில் எதையோ மறந்துவிட்டாற்போல இடப்பக்கம் திரும்பி, நிதானமாகக் குளத்தில் இறங்கியது. கூட ஆடிய ட்வைட் (குழாய் ரிப்பேர் செய்பவன், நல்லவன், வாய்தான் ஜாஸ்தி) "பெரியவரே, தட்டுக்குப் பின்னாடி பேரும் போன் நம்பரும் எழுதலையா? கண்டெடுத்தவன் கூப்பிடுவான், இங்க எல்லாரும் அப்படித்தான்" என்றான். எனக்கு இது பிடித்துப்போயிற்று. முகவரி எழுதிய பொருள் தொலைவதில்லை, தாமதமாகிறது, அவ்வளவுதான். என் போன் சமையலறைச் சுவரில் இருக்கிறது, நானோ மைதானத்தில். நீ முதல் மணியிலேயே எடுப்பவள். ஆகவே எல்லாத் தட்டிலும் என் பேரையும் உன் நம்பரையும் எழுதினேன். இதில் புத்தி எங்கே பிசகியது, சொல்லு பார்ப்போம்?

அப்புறம் அந்த ஓக் மர விஷயம். ஐந்தாவது கூடைக்கு முன்னால் மரத்தில் ஒரு அம்புக்குறி அடித்துவைத்து, தட்டு இடப்பக்கமாகத்தான் போகணும்னு சட்டம் போட்டிருக்காங்க. முப்பத்துநாலு வருஷம் ஒருவழிப் பாதைக்குக் கட்டுப்பட்டாச்சு, மரத்துக்குமா? வலப்பக்கம் எறிந்தேன். தட்டு மரத்தில் மோதி, என் தலைக்கு மேலாகப் பறந்து, பின்னால் போய் விழுந்தது. "பெரியவரே, இப்ப கூடை இன்னும் தூரமாயிருச்சு" என்றான் ட்வைட். அடுத்ததையும் வலப்பக்கமே எறிந்தேன். ஜூன் மூன்றாம் தேதி ஒரே எறியில், சங்கிலி கலகலவென்று குலுங்க, கூடைக்குள் போட்டேன், கேட்டுக்கோ! "பிரமாதம்! ஆனா அது பதினாலாவது கூடை. நாம போட வேண்டியது ஆறாவது" என்றான். தபால்காரன் வீடு மாறிப் போட்டால் கேவலம் என்று நீ நினைப்பாய். பட்டுவாடா ஆனது ஆனதுதான்.

சாவியைப் பற்றி நீ கவலையே பட வேண்டாம். அதை அந்த மெதுவான தட்டின் அடியில் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே உன் நம்பர். இந்த வட்டாரத்தில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. ஆக, என் வீட்டில் நான் இருப்பேன், என் தட்டை நான் எறிவேன், சனிக்கிழமை நீ வரத் தேவையில்லை.

உன் இடுப்புவலி குறையவும், பாடகர் குழுவில் உனக்கு முன்வரிசை கிடைக்கவும் பிரார்த்திக்கும்,
உன் தம்பி,
ஆர்விட் லுண்ட்

பின்குறிப்பு: வியாழக்கிழமை. ஏழாவது கூடைக்குக் கடைசியாக மிஞ்சியிருந்தது மெதுவான தட்டு மட்டும். டெஸ் சொன்னது சரி, அது நேராகத்தான் போகிறது. குளமும் நேராகத்தான் இருக்கிறது. ட்வைட் இடுப்பளவு நீரில் இறங்கி ஒரு மணி நேரம் துழாவினான், வேறு நாலு பேருடைய தட்டுகள் கிடைத்தன. யாராவது போன் செய்தால் முதலில் சாவியைக் கேள். என் வீட்டுக்கு இன்னொரு சாவி உன் சமையலறை ஆணியில்தான் இருக்கிறது. மேலே எழுதியபடி சனிக்கிழமை நீ வரத் தேவையில்லை. இந்தக் கடிதத்தில் தபால்தலை ஒட்டவில்லை, நானே உன் பெட்டியில் போடுகிறேன். உன் பாட்டு ஒத்திகை எத்தனை மணிக்கு முடியும் என்று உன் பக்கத்து வீட்டில் கேட்டேன், தெரியாது என்றார்கள். என் கார் உன் வீட்டுக்கு எதிரே நிற்கிறது, நான் உள்ளேதான் இருக்கிறேன்.