துறைமுகம் நீங்கலாக ஏழு ஊர்

கடற்கரை முழுவதையும் சுற்றிப் பார்ப்பது; ஆனால் துறைமுக ஊரை மட்டும் கண்ணாலும் பார்ப்பதில்லை. ரிட்டயர் ஆன மறுநாள் காலை, பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இந்த முடிவை எடுத்துவிட்டேன்.

எங்கள் நாட்டின் அமைப்பு அப்படி. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் ஒரு ரோடு. அந்த ரோட்டில் மணி கோர்த்த மாதிரி ஊர்கள். ஒன்றில் லைட்ஹவுஸ், ஒன்றில் அருவி, ஒன்றில் கடல் குடைந்த குகை. வெளிநாட்டுக்காரன் விமானம் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போகிறான். நான் பார்த்ததில்லை. முப்பத்தொரு வருஷம் பதினாலாம் நம்பர் பஸ் ஓட்டினேன். டிப்போவிலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து டிப்போ. நான் ஓட்டிய தூரத்தை நீட்டிப் போட்டால் உலகத்தை இருபது தடவை சுற்றலாம். மடித்து மடித்துப் போட்டதால் ஆஸ்பத்திரியைத் தாண்டவில்லை.

துறைமுக ஊர் ஏன் கூடாது? அங்கே என் சகலை இருக்கிறான். மனைவியின் தங்கை புருஷன். ஐஸ் பாக்டரியில் வேலை.

நான் எதையும் மனசில் வைத்துக்கொள்ளாதவன். அப்படி வைத்துக்கொள்ளாதது ஒவ்வொன்றும் தேதிவாரியாக எனக்கு ஞாபகம் இருக்கும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், மாமனார் வீட்டுக் கூடத்தில், பதினேழு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போது அவன் சொன்னான்: "அண்ணன் பஸ்ஸுல எடம் இல்லன்னு பக்கத்துலயே நடந்து போனேன். ஆஸ்பத்திரிக்குப் போயி, டாக்டரைப் பாத்து, மாத்திரை வாங்கிட்டு வெளிய வந்தா, அண்ணன் பஸ் அப்பதான் வந்து நிக்குது."

பதினாறு பேர் சிரித்தார்கள். பதினேழாவது ஆள் நான். சிரித்த பதினாறில் என் மனைவியும் ஒருத்தி.

அன்றோடு சரி. அவனோடு பேச்சில்லை. அவன் பேச்சையே என் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். மனைவி வருஷத்துக்கு ஒரு தடவை தங்கை வீட்டுக்குப் போய் நாலு நாள் இருந்துவிட்டு வருவாள். வந்ததும் வாயைத் திறப்பாள். நான் டிராபிக் போலீஸ் மாதிரி கையைக் காட்டுவேன். நின்றுவிடுவாள்.

நாலு நாள் உட்கார்ந்து பயணத்துக்கு டிரிப் ஷீட் எழுதினேன். டிப்போவில் எழுதுகிற முறையிலேயே. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வருகை, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எல்லாம் கோடு போட்டு. ஏழு நாள், ஏழு ஊர். சமையல்கட்டில் கொண்டுபோய் நீட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"இது என்னங்க, 'இயற்கை அழகு, ஏழு நிமிஷம்'?"

"அருவி. தண்ணி மேலேருந்து கீழ விழுது. ஏழு நிமிஷம் போதும்."

"கடலுக்கு இருபது நிமிஷமா?"

"பெருசுல்ல. அதான் கூடப் போட்டிருக்கேன்."

"சரி. நாலாவது ஊருக்கும் அஞ்சாவது ஊருக்கும் நடுவுல ரோடு ஏன் மலை மேல ஏறிச் சுத்திட்டு வருது? நேரா போனா முக்கா மணி நேரம். இது நாலரை மணி நேரம்ல?"

"காத்து நல்லா இருக்கும்."

"நேரா போனா நடுவுல துறைமுகம் வரும்."

"அங்க காத்து நல்லா இருக்காது."

அவள் என்னைப் பார்த்தாள். ஷீட்டைப் பார்த்தாள். நான் சண்டைக்குத் தயாரானேன். அழுதால் என்ன சொல்வது, கோபித்துக்கொண்டால் என்ன சொல்வது, சாப்பிடாமல் படுத்தால் என்ன சொல்வது, எல்லாவற்றுக்கும் பதில் கையில் இருந்தது.

"சரிங்க" என்றாள்.

முப்பத்தாறு வருஷக் குடும்பத்தில் அவள் மறுபேச்சில்லாமல் "சரிங்க" என்றது அதுதான் முதல் தடவை. மிதித்த பிரேக் சும்மா உள்ளே போன மாதிரி இருந்தது எனக்கு.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

"சொல்லு."

"நீங்க ஓட்டக் கூடாது."

"நான் ஓட்டாம வேற எவன் ஓட்டுவான்?"

"வேன், டிரைவர் ரெண்டும் என் பொறுப்பு. முப்பத்தொரு வருஷம் முன்னால போற வண்டியோட முதுகையே பாத்துட்டீங்க. இந்த ஒரு வாரமாவது ஜன்னலோரமா உக்காருங்க. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே வரேன்."

"கடலையா?"

"கடலைப் பாக்கற உங்களை."

நான் ரிட்டயர் ஆன அன்று டைம் கீப்பர்கூட "போய்ட்டு வாங்க" என்று சொல்லவில்லை. (அதுவும் ஞாபகம் இருக்கிறது.) இவள் இப்படிச் சொன்னால் மனுஷன் என்ன செய்வான்? ஷீட்டின் அடியில் என் கைப்படவே எழுதினேன்: 'நான் வண்டி ஓட்டமாட்டேன்.' அதற்குக் கீழே இன்னொரு வரி: 'பாதையில் மாற்றம் என்றால் நான் மட்டுமே சொல்லலாம்.' இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவள் போட்ட வேகத்தைப் பார்த்து அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கிளம்புகிற நாள் வந்தது. ஒரு மாதமாகத் தெரு முழுக்க நானே தம்பட்டம் அடித்திருந்ததால் தெருவே வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு டெய்லர் கழுத்தில் டேப்போடு வந்து கை ஆட்டினார். பைகளை ஏற்றி, ஜன்னலோரம் ராஜா மாதிரி உட்கார்ந்து, நானும் கை ஆட்டினேன். அப்புறம்தான் டிரைவர் சீட்டில் ஒரு பிடரி தெரிந்தது.

அந்தப் பிடரி திரும்பியது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

சகலை! அவன் பக்கத்துச் சீட்டில் மச்சினி. "வாங்க மாமா" என்றாள், என்னவோ வேன் அவள் வீடு மாதிரி.

நான் மனைவி பக்கம் திரும்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, தெருவுக்குச் சிரித்த முகத்தையும் காட்டிக்கொண்டு கேட்டேன்.

"என்னடி இது?"

"டிரைவர்."

"அவனா? துறைமுகம் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"துறைமுகத்துக்கா போறோம்? மலை ரோட்டுலதானே போறோம்? நீங்க எழுதின ஷீட் எங்கிட்டதான் இருக்கு. எடுக்கவா?"

"நான் எறங்கறேன்."

"எறங்குங்க. டெய்லர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

டெய்லர் இன்னமும் கை ஆட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு விஷயம் போனால் துணி தைப்பதற்குள் ஊரே அதை அளவெடுத்துவிடும்.

"ஏழு நாளும் நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"பேச வேண்டாம். கடலைப் பாருங்க."

வண்டி கிளம்பியது. கிளம்பியது என்பது மரியாதைக்குச் சொல்வது. முதலில் குலுங்கியது. பிறகு தவளை மாதிரி ஒரு தாவு. அப்புறம் நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்தான். கியர் மாற்றினான். பெட்டிக்குள் யாரோ தகரத்தைக் கடித்து மெல்லுகிற சத்தம். நான் பல்லைக் கடித்தேன். இரண்டு சத்தமும் ஒன்றாக இருந்தது.

ஊர் எல்லை தாண்டி ஒரு வளைவு. "அதோ கடல்!" என்று மச்சினி கத்தினாள். "எவ்வளவு நீலம்!" என்று மனைவி கத்தினாள். அறுபது வயசில் முதல் தடவையாக என் வலது பக்கத்தில் கடல் விரிந்து கிடந்தது. நான் பார்க்கவில்லை. என் கண் முழுக்க அவனுடைய இடது காலில் இருந்தது. அந்தக் கால் கிளட்ச்சின் மேலேயே, சோபாவில் வைத்த மாதிரி, வைத்தது வைத்தபடி இருந்தது.

ஒரு மைல் பொறுத்தேன். இரண்டு மைல் பொறுத்தேன். கிளட்ச் கருகுகிற வாசனை வந்தது. அந்த வாசனையில் பத்தொன்பது வருஷமும் போயிற்று.

"யோவ்! கால எடுய்யா கிளட்ச்சுல இருந்து!"

அவன் பணிவாகக் கேட்டான்: "எந்தக் கால் அண்ணே?"

"எந்தக் காலா? உனக்கு எத்தனை கால் இருக்கு? இடது கால்! மேடு வருது பாரு, ரெண்டாவது கியர் போடு. அது நாலாவது! நாலாவதுல மேடு ஏற நீ என்ன ஆட்டுக்குட்டியா?"

"இப்பச் சரியா அண்ணே?"

"மட்டம்."

"நல்லா இருக்கா?"

"மட்டமா இருக்குன்னேன்!"

லைட்ஹவுஸ் ஊரில் ஷீட்படி எழுபத்தைந்து நிமிஷம். நாங்கள் மூன்றரை மணி நேரம் இருந்தோம். படி ஏறிப் பார்க்கவா? இல்லை. கீழே விசாலமான மைதானம் இருந்தது. ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல இடம் நாட்டில் கிடையாது. அக்காவும் தங்கையும் நூற்றுத்தொண்ணூறு படி ஏறிப்போய் மேலே நின்று கத்தினார்கள். நான் கீழே நின்று "ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்று கத்தினேன். யாருக்கும் யார் கத்துவதும் கேட்கவில்லை. எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம்.

அருவி ஊரில் அவன் சைடு கண்ணாடி பார்க்கப் பழகினான். அன்று சாயங்காலம் நானும் அருவியில் தலையைக் கொடுத்தேன். ஏழு நிமிஷத்தில் எல்லாம் வெளியே வர முடியவில்லை. மனைவி வந்து காதைப் பிடித்து இழுத்த பிறகுதான் வந்தேன். மூன்றாவது ஊரில், கடலில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டே அவனுக்கு ஓவர்டேக் பாடம் எடுத்தேன். நான் முன்னால் போகிற லாரி, அவன் பின்னால் வருகிற வேன். அலை வந்து லாரியைக் கவிழ்த்துவிட்டது. கரையில் இரண்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். சகலைதான் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆள் நல்ல மாணவன். டிப்போவில் எத்தனையோ புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இவன் மாதிரி ஒவ்வொரு வார்த்தைக்கும் "ஆமாண்ணே" போட்ட ஒருத்தனும் இல்லை.

நாலாவது நாள் குகை பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஒரு சின்ன மேட்டில் நிறுத்தி எடுத்தான். வண்டி பின்னால் இரண்டு அடி உருண்டது. பின்னால் வந்த சைக்கிள்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

அடுத்த கால் மணியில் ரோடு பிரிந்தது. நேராகக் கடலோரமாகத் துறைமுகத்துக்கு. இடது பக்கம் மலைக்கு. பெரிய போர்டு ஒன்று வைத்திருந்தார்கள்: 'இருபத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள்.' சகலை வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"அண்ணே, ஷீட்ல மலைன்னு இருக்கு. ஏத்திடவா?"

மச்சினி கண்ணை மூடிக்கொண்டாள். மனைவி ஜன்னல் வழியாக ஒரு மரத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ எறங்கு. நான் ஓட்டறேன்" என்றேன்.

மனைவி மரத்தை விட்டுவிட்டாள். "கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"உயிர் போற விஷயம்டி."

"உங்க கைப்பட எழுதினது. அப்ப என்கிட்ட எழுதிக் குடுக்கறதெல்லாம் சும்மாதானா?"

ஒரு பக்கம் இருபத்து மூன்று வளைவு. ஒரு பக்கம் மனைவிக்குக் கொடுத்த வாக்கு. இரண்டுக்கும் நடுவில் இரண்டு அடி பின்னால் உருளுகிற ஒரு டிரைவர். முப்பத்தொரு வருஷத்தில் என் வண்டியில் ஒரு பிரயாணிக்கு ஒரு சிராய்ப்பு கிடையாது. அதை இந்த மலையில் தொலைப்பதா?

"நேரா போ" என்றேன்.

"நேரா போனா எங்க ஊரு அண்ணே. பரவாயில்லையா?"

"ரோடு என்ன உங்க அப்பன் போட்டதா? போய்யா."

அந்த வழி முழுக்க அக்காவும் தங்கையும் மெதுவாகப் பாடிக்கொண்டே வந்தார்கள்.

துறைமுகத்தில் காற்று நன்றாகத்தான் இருந்தது. சின்ன வீடு, மாடியில் ஒரே அறை, அதிலிருந்து பார்த்தால் கப்பல் எல்லாம் கையால் நகர்த்திவிடலாம் போல இருக்கும். ஒரு நாள் தங்கலாம் என்று போய் மூன்று நாள் தங்கினோம். மீதி மூன்று ஊரும் எங்கே போய்விடப் போகின்றன? நான்தான் மாற்றம் சொன்னேன். எனக்குத்தானே அந்த அதிகாரம்!

மூன்றாவது நாள் காலை, வாசல் படியில் நானும் சகலையும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவன் தெருக்காரர்கள் நாலு பேரிடம், ஒன்றும் தெரியாத ஆளை நாலே நாளில் டிரைவர் ஆக்கியது எப்படி என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒரு மாதிரி மேலே பார்த்தார்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது தெருமுனையிலிருந்து ஒரு குரல்: "டிரைவரே!"

பழக்கதோஷம். நான்தான் எழுந்து நின்றேன். வந்தவர் என்னைத் தாண்டிப் போய்ச் சகலை முன்னால் நின்றார். ஐஸ் பாக்டரி மேஸ்திரி.

"லீவு எப்ப முடியுது டிரைவரே? மலைக்குப் போற ஐஸ் லாரி ஒரு வாரமா அப்படியே நிக்குது. அந்த வளைவுல ஏத்த உங்களை விட்டா வேற ஆளே இல்ல."

என் கையில் டீ ஆறியது. "இவரு... எத்தனை வருஷமா ஓட்டறாரு?" என்றேன்.

"பன்னெண்டு வருஷம். வண்டியில ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்."

உள்ளே சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. மேஸ்திரி போகும்வரை பொறுத்திருந்தேன். பிறகு சகலையின் காதோரம் குனிந்து கேட்டேன்.

"அப்ப அந்தக் கிளட்ச்சு? அந்த நாலாவது கியரு? மேட்டுல பின்னால உருண்டது?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. தப்புத் தப்பா ஓட்ட எனக்கு வரவே மாட்டேன்னுச்சு. அண்ணிதான் ஒரு மாசம் போன்ல பாடம் எடுத்தாங்க. முப்பத்தொரு வருஷமா சாப்பிட உக்காரும்போதெல்லாம் நீங்க மத்த டிரைவருங்களைத் திட்டினீங்களாமே, அதுல ஒண்ணு விடாம சொல்லிக் குடுத்தாங்க."