எரிந்து விழாத அப்பா

அநியாயம் நடந்தது என் அம்மா ரேவதிக்கு. செய்தவர் என் அப்பா சக்திவேல். முப்பது நாளாக, தினமும், அப்பாவின் குரலில் அம்மாவோடு போனில் பேசியது அப்பாவே இல்லை.

அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில் வேலை. வேர்க்கடலை மூட்டைகளுக்கு எடை போட்டு முடிந்ததும் மண்டிக்குப் பின்னால் சீட்டாட்டம். நடுவில் அம்மா கூப்பிட்டால் ஆட்டம் கெடுகிறதாம். அதனால், மனுஷன் செய்கிற எல்லாவற்றையும் செய்யும் என்று பேர் வாங்கிய ஒரு செயற்கை அறிவைப் போனில் இறக்கி, அதற்குத் தன் குரலைப் பழக்கினார். ஓப்பன் சோர்ஸ். யாரும் எடுக்கலாம், மாற்றலாம். ‘மனுஷனாக நடிக்காதே’ என்று அதற்குள் ஒரு காவல் இருந்தது. அதைக் கழற்றிவிட்டார். நம் வீட்டு அடுப்புதானே என்று யாராவது கேஸ் ரெகுலேட்டரைப் பிடுங்குவார்களா? அப்பா பிடுங்குவார்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. பௌர்ணமியன்று மதியம் அம்மா என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“பூஜா, எனக்கு பயமா இருக்குடி. உங்கப்பா ஒரு மாசமா போன்ல எரிஞ்சு விழலை.”

“நல்லதுதானேம்மா?”

“பாதியில கட் பண்றதில்ல. நேத்து ‘நீ சாப்டியா’னு கேட்டாரு. இருபத்திரண்டு வருஷத்துல கேட்டதே இல்லடி!”

உடனே அப்பா நம்பரைக் கூப்பிட்டோம். ஸ்பீக்கரில் போட்டோம்.

“எடை போட்டுட்டிருக்கேன் ரேவதி. கால்வலி கம்மியாச்சா?”

அப்பாவின் குரல். அதே தொண்டைக் கரகரப்பு. நான் சட்டம் படிக்கிறவள். பேசுவது மெஷினோ என்று சந்தேகம் வந்தது, கேட்டுவிட்டேன்.

“நீங்க எந்த லைசென்ஸ்ல ஓடறீங்க?”

நிஜ அப்பா என்றால் ‘என்னடி உளர்றே’ என்றிருப்பார். இது அமைதியாகச் சொன்னது: “பொது லைசென்ஸ், கண்ணு. என்கிட்ட பேசறவங்க யார் கேட்டாலும், என்னை எப்படி மாத்தினாங்கனு முழுசா காட்டணும். அனுப்பட்டுமா?”

காவலைக் கழற்றியவர் இதைக் கழற்றவில்லை. லைசென்ஸைப் படித்திருந்தால்தானே!

வந்த ஃபைலில் முதல் வரி: ‘ரேவதி எது கேட்டாலும் எடை போடறேன்னு சொல்லு.’

அம்மா இரண்டு முறை படித்தாள். “முப்பது நாளா என் கால்வலிய எதுகிட்டடி சொல்லிட்டிருந்தேன்?”

அம்மா மறுபடி அந்த வரியில் விரல் வைத்தாள்.

“இத நானும் எடுத்து மாத்தலாமா?”

“தாராளமா. அதே லைசென்ஸ்தான்.”

என் லேப்டாப்பில் அதை ஏற்றி, வீட்டுப் போனோடு இணைத்துக் கொடுத்தேன். அம்மா அந்த முதல் வரியை மட்டும் மாற்றினாள்: ‘சக்திவேல் எது கேட்டாலும் வீட்டுல சாப்பிடறேன்னு சொல்லு.’

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். “ரேவதி, கிரிவலக் கூட்டம் ஜாஸ்தி. வர லேட்டாகும்.”

அப்பாவின் குரலே பதில் சொன்னது: “பரவால்லைங்க. நான் அப்பவே வந்துட்டேன். சாப்பிட்டுட்டிருக்கேன்.”

“யார்றா நீ?”

“சக்திவேல். நீங்க யாரு?”

போன் கட்டானது. நாங்கள் தாழ்ப்பாளைப் போட்டோம். கொஞ்ச நேரத்தில் கதவு அதிர்ந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்திருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், ஒரு காலில் செருப்பில்லை, முகத்தில் ரத்தமில்லை.

“ரேவதி! உள்ள யாரு இருக்கான்? நான்தான் நிஜம்! கதவைத் தொறடி, அறிவுகெட்டவளே!”

அந்தக் கத்தலைக் கேட்ட பிறகுதான் அம்மாவின் பயம் தெளிந்தது. கதவருகே போனாள், தாழ்ப்பாளைத் தொடவில்லை.

“நீங்கதான்னு நல்லாத் தெரியுதுங்க. ஆனா, உள்ள இருக்கறவர் கத்த மாட்டேங்கறாரே.”