மழை வருமா என்று இவரிடம் கேட்காதீர்கள்

மனித குலத்தில் மழை விளக்குநர் என்று ஓர் இனம் உண்டு. "மழை வருமா?" என்று கேட்டால் வரும் என்பவர்களும் வராது என்பவர்களும் சாதாரணப் பிறவிகள், அவர்களை விட்டுவிடுவோம். இந்த இனத்தைச் சேர்ந்தவர் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் கைவேலையைக் கீழே வைப்பார், தொண்டையைச் செருமுவார், உங்கள் தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்புவார், "முதல்ல மழைன்னா என்னன்னு பார்ப்போம்" என்று தொடங்குவார். குடையை எடுப்பதா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் நீங்கள் கேட்டீர்கள். பதில் கிடைப்பதற்குள் உங்கள் பஸ் போயிருக்கும். சில சமயம் மழையும் வந்து போயிருக்கும்.

அப்படிப்பட்ட ஒருவர், உயர்நிலைப் பள்ளியில் புவியியல் ஆசிரியராக இருந்தார். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'தாழ்வழுத்தம்'. "தாழ்வழுத்தம் வருதுடா" என்று ஒரு குரல் கேட்டால் போதும், வராந்தாவே காலியாகிவிடும். பெயர் அவருக்கும் தெரியும். பட்டப்பெயர் வைத்தார்களே என்ற வருத்தமெல்லாம் அவருக்கு இல்லை. தாழ்வழுத்தம் இருக்கும் இடத்தை நோக்கித்தானே நாலா பக்கமிருந்தும் காற்று ஓடி வரும்? தன்னைக் கண்டால் எல்லோரும் ஓடிப்போகிறார்களே, அப்படியானால் 'உயர்வழுத்தம்' என்றல்லவா வைத்திருக்க வேண்டும்? பாடம் நடத்தியும் இப்படித் தப்பாக வைக்கிறார்களே என்பதுதான் அவர் குறை.

வீட்டில் மட்டும் பாடம் நிற்குமா என்ன? விருந்தாளி கையில் ஜில்லென்று தண்ணீர் கொடுத்தால் அவரால் உடனே குடிக்க முடியாது. டம்ளரின் வெளிப்பக்கம் முத்து முத்தாகப் பூத்திருப்பது ஒழுகிய தண்ணீர் அல்ல, சுற்றியிருக்கும் காற்றிலுள்ள ஆவி குளிர்ந்து நீரானது, மேகமும் இப்படித்தான் உருவாகிறது என்று ஆசிரியர் சொல்லி முடிக்கும்வரை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும். "வேர்க்குது, ஃபேனைப் போடுங்க" என்று மனைவி சொன்னால், "அது வெயில் இல்ல, ஈரப்பதம். காத்துல ஏற்கெனவே ஆவி நிறைஞ்சிருக்கு, உன் வேர்வை ஆவியாகிப் போக இடம் பத்தல" என்பார். அந்த அம்மாள் தபால் நிலையக் கவுண்டரில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிப் பழகியவர். எழுந்து போய்த் தானே ஃபேனைப் போட்டுக்கொள்வார்.

ஆனால் ஆசிரியரின் உயிர் இருந்தது ஒரு பாடத்தில்: வானிலை வேறு, காலநிலை வேறு.

"வானிலைங்கறது இன்னிக்குக் காலையில உங்கப்பா மூஞ்சி எப்படி இருந்துச்சுங்கறது. காலநிலைங்கறது உங்கப்பா பொதுவா எப்பேர்ப்பட்ட மனுஷன்ங்கறது. ஒரு நாள் சிரிச்சாருன்னு நம்பிடாதீங்க. முப்பது வருஷம் கூட இருந்து பாத்துட்டுத்தான் சொல்லணும்."

வகுப்பு சிரிக்கும். தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதும். இந்த உலகத்தில் இதைப் புரிந்துகொண்டவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது என்று அவர் பெருமூச்சு விடுவார்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வரவேற்பை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. பார்த்துவைத்திருந்த மண்டபத்தில் கீழே மூடிய கூடம், மேலே விசாலமான மொட்டை மாடி. மகளுக்கு மாடியில், திறந்த வானத்தின் கீழ் நிற்க ஆசை. மனைவிக்குக் கூடம்தான் பத்திரம் என்று பட்டது. சம்பந்தி பல் டாக்டர்; அடுத்தவர் வாயைத் திறந்தபடி பேச முடியாமல் கிடக்க, தான் மட்டும் பேசியே பழகிய மனிதர். ஆசிரியரிடம் ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி தானே கேட்டுக்கொண்டிருந்த அனுபவம் அவருக்கு உண்டு. அதனால் கேள்வியை ஜாக்கிரதையாகக் கேட்டார்.

"சம்பந்தி, விளக்கம் வேண்டாம். அன்னிக்கு மழை வருமா, வராதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஆசிரியர் மகளின் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷச் சராசரியை மனதுக்குள் ஓட்டினார். வறண்ட மாதம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்.

"வராது."

மாடி முடிவாயிற்று. கூடத்தை வேறொரு குடும்பம் எடுத்துக்கொண்டது.

வரவேற்பு நாளன்று மேடை போட்டாகிவிட்டது. விளக்குச் சரங்கள் கட்டியாகிவிட்டது. பிற்பகலில் ஆசிரியர் மாடிச் சுவரோரம் நின்று வானத்தைப் பார்த்தார். தூரத்தில் சின்னதாக ஒரு வெள்ளை மேகம் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது காலிஃபிளவர் மாதிரி மேல்நோக்கிப் புடைத்தது. காலையிலிருந்து தரை சூடேறியிருக்கிறது, சூடான ஈரக்காற்று மேலே எழும்புகிறது, மேலே போனால் குளிர்கிறது, குளிர்ந்தால் திரள்கிறது. அவர் கரும்பலகையில் வரைந்த படத்தை வானம் வரி பிசகாமல் வரைந்துகொண்டிருந்தது. எந்த மாணவனும் அவர் பாடத்தை இவ்வளவு ஒழுங்காகத் திருப்பிச் சொன்னதில்லை. மேகத்தின் அடி கறுத்தது.

மனைவி பக்கத்தில் வந்து நின்றார். "என்ன பாத்துக்கிட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

அந்த அம்மாள் மேகத்தைப் பார்க்கவில்லை, கணவரைப் பார்த்தார். மேகத்தைக் கண்டும் இந்த மனிதர் விளக்காமல் நிற்கிறார் என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. திரும்பி, பந்தல்காரரைக் கூப்பிட்டார். "நாற்காலியெல்லாம் கீழே வண்டி நிறுத்துற இடத்துக்கு இறக்குங்க. சாப்பாட்டையும்தான். இப்பவே."

கடைசி நாற்காலி படியிறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மேடையின் துணி ஊறித் தொங்கியது, பூக்கள் தண்ணீரோடு ஓடின, விளக்குச் சரம் ஒரு தடவை கண்சிமிட்டி அணைந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் இரண்டு தூண்களுக்கு நடுவே, பின்னால் வரிசையாக ஸ்கூட்டர்கள் நிற்க, வந்தவர்களை வரவேற்றார்கள். ஆசிரியர் ஒரு தூணுக்குப் பின்னால் தன்னை மறைத்துக்கொள்ளப் பார்த்தார். அவர் உடம்புக்கு அந்தத் தூண் போதவில்லை.

சம்பந்தி நேராக அங்கேயே வந்தார். கோட்டிலிருந்து நீர் சொட்டியது. "வராதுன்னு சொன்னீங்களே?"

மன்னிச்சுக்கங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். பழக்கம் முந்திக்கொண்டது.

"நான் சொன்னது காலநிலை, சம்பந்தி. இது வானிலை."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. ஆயுள் முழுக்க ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் இது வேறு, அது வேறு என்று பிரித்துச் சொன்னவர், சொந்த மகள் கல்யாணத்துக்கு அந்த இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார். வெட்கத்தில் காது மடல் சுட்டது.

"விடுங்க. வலிக்காதுன்னு சொல்லிட்டுத்தான் நானும் ஊசி போடுறேன்" என்று சம்பந்தி அவர் தோளைத் தட்டினார்.

தூரத்திலிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, இங்க வாங்க. இது என்ன மழைன்னு இவர் கேக்கறாரு."

மாப்பிள்ளை எதுவும் கேட்கவில்லை. அது ஆசிரியருக்கும் தெரிந்தது. ஆனாலும் ஈர வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போனார். "வெப்பச்சலன மழை, மாப்பிள்ளை. முதல்ல தரை சூடாகும்..." என்று தொடங்கினார். பாதியில் நிறுத்தி மகளைப் பார்த்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ம், அப்புறம்?" என்றாள்.

விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனபோது, கதை அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மறைத்துப் பயனில்லை என்று வகுப்பில் தானே சொல்லிவிட்டார், தூணை மட்டும் விட்டுவிட்டு. அந்த முறை தேர்வில் ஒருவர்கூட மாற்றி எழுதவில்லை. 'சார் வராது என்று நம்பியது காலநிலை. வந்து நனைத்தது வானிலை' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அரை மதிப்பெண் குறைத்தார், 'சராசரி' என்ற சொல் விட்டுப்போயிருந்ததால்.

இத்தகையவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லி முடிக்கலாம்தான். ஆனால் மேகம் திரண்ட இடத்தைப் படிக்கும்போது, 'குளிர்ந்தால் திரள்கிறது' என்று மொட்டையாகச் சொன்னால் எப்படி, ஆவி ஒட்டிக்கொள்ள ஒரு தூசியாவது வேண்டாமா என்று உங்களுக்குள் ஒரு குரல் எழுந்ததா? அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும் போல நாக்கு அரிக்கிறதா? இந்தக் கதையை எழுதியவனுக்கும் அரித்தது, அந்தத் தூசியை நான்கு தடவை சேர்த்து, நான்கு தடவை அடித்தான். நீங்களாவது பக்கத்திலிருப்பவரை நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க விடுங்கள்.