நாடா அண்ணை லிஃப்டை நிறுத்திய கதை

எழுபதுகளில் சிட்னியில் வாழ்ந்த தமிழர்களில் நாடா அண்ணையிடம் மேல்கையைக் கொடுக்காமல் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. தப்பித்தேன் என்று யாராவது சொன்னால், அவர் அப்போது மெல்போர்னில் இருந்திருப்பார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. மிக நீளமான பெயர். ஆஸ்திரேலியர்கள் அதன் முதல் பாதியிலேயே களைத்துப்போய், "குட் மார்னிங்" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். சட்டைப் பையில் எந்நேரமும் தையற்காரர்கள் வைத்திருப்பது போல ஓர் அளவுநாடா சுருண்டு கிடக்கும் என்பதால், நாங்கள் எல்லாரும் அவரை நாடா அண்ணை என்றே அழைத்தோம். யாழ்ப்பாணத்துக்காரர். புள்ளியியல் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "ஒருத்தரும் பொம்பிளை தரேல்லை" என்று நேர்மையாகச் சொல்வார்.

நான் மதுரையிலிருந்து கணவரோடு வந்து ஹோம்புஷில் ஒரு ஃப்ளாட்டில் குடியேறிய புதிது. பல்கலைக்கழகத்தில் ஓர் ஆராய்ச்சித் துறையில் எனக்கு வேலை கிடைத்தது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு எதையும் அட்டையில் துளை போட்டுத்தான் ஊட்ட வேண்டும். துளை போடுகிறவள் நான். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டின் கிராமங்களில் குழந்தைகளை மாதாமாதம் எடைபோட்டு, உயரம் பார்த்து, கைச்சுற்றளவு எடுத்து அனுப்புவார்கள். ஒரு குழந்தைக்கு ஒரு மாதத்துக்கு ஓர் அட்டை. எந்த ஊரில் பிள்ளைகள் மெலிகிறார்கள், எங்கே சத்துமாவு அனுப்ப வேண்டும் என்று கண்டு சொல்வது துறையின் வேலை. அதைச் செய்கிறவர் நாடா அண்ணை.

முதல் நாளே என் மேசைக்கு வந்து நாடாவை நீட்டினார்.

"தங்கச்சி, இதால உங்கட மேல்கையை அளந்து சொல்லுங்கோ."

"எதுக்குண்ணே?"

"நீங்கள் நெடுகத் துளைக்கப்போற எண் என்னெண்டு உங்களுக்குத் தெரிய வேணும். தெரியாமல் துளைச்சால் அது பிள்ளையின்ர கை இல்லை, வெறும் நம்பர்."

அளந்து சொன்னேன். அவர் முகம் சுளித்தார். "நல்லாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கை அளப்பதில் அவருக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்பது சில வாரம் கழித்துத்தான் விளங்கியது. ஒரு மாவட்டத்தின் அட்டைகளை முகர்ந்து பார்ப்பது போல முகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டு, "இந்த ஊரில எல்லாப் பிள்ளையளும் ஒரே நாளிலயோ பிறந்தது?" என்று கேட்டார். பார்த்தால் எல்லாக் குழந்தைக்கும் வயது சரியாக ஒன்று, இரண்டு, மூன்று. இடையில் மாதக்கணக்கே இல்லை. தாய்மார்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. எழுதுகிறவர் குத்துமதிப்பாகப் போட்டுவிடுகிறார். வயது தப்பானால், அந்த வயதுக்கு இந்த எடை போதுமா என்ற கணக்கும் தப்பு.

"ஒரு வயசுக்கும் அஞ்சு வயசுக்கும் இடையில மேல்கை பெரிசா மாறாது தங்கச்சி. சாப்பாடு குறைஞ்சால் மெலியும். அதுக்கு வயசு கேக்கத் தேவையில்லை. கை பொய் சொல்லாது."

கை பொய் சொல்லாது என்ற கொள்கையோடு அவர் சிட்னி முழுவதும் நடமாடினார். லிட்கமில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போனால், கேக் வெட்டும் முன்பு குழந்தைகளை வரிசையில் நிற்கவைத்து அளந்துவிடுவார். தாய்மார்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒருமுறை குழந்தைகளை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவரின் கையைச் சுற்றி அளந்து, "பிள்ளையளுக்குப் பிரச்சினை இல்லை. அங்கிளுக்குத்தான் சத்துமாவு அனுப்ப வேணும்" என்றார். அந்த அங்கிள் அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை. ஆனால் உடம்பு தேறியது.

ரயிலிலும் இதே கதை. எதிரே ஒரு வெள்ளைக்காரத் தாயின் மடியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. இவர் நாடாவை உருவினார். அந்தப் பெண் ரயில் கார்டைக் கூப்பிட்டாள். நான் அவரைத் தெரியாதவள் போல ஜன்னல் வழியே ஸ்ட்ராத்ஃபீல்ட் நிலையத்தை வேடிக்கை பார்த்தேன். கார்டு வந்து என்ன ஏது என்று கேட்க, இவர் ஆப்பிரிக்காவில் தொடங்கிப் பேசினார். அடுத்தடுத்த நிலையங்கள் கடந்து நாங்கள் இறங்கும்போது, கார்டு தன் சட்டைக் கையை மேலே சுருட்டிவிட்டு நீட்டிக்கொண்டிருந்தார்.

இப்படி இருந்த மனிதர் ஒரு நாள் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தார். ஒரு மாவட்டத்தின் கணக்கு வந்திருந்தது. மழைக்காலம் தொடங்கியதும் அங்கே மெலிந்த குழந்தைகளே இல்லை. துறைத் தலைவருக்கு ஒரே மகிழ்ச்சி. அவர் நல்ல மனிதர், பெரிய உடம்பு, முழங்காலில் தீராத வலி. அந்த மாவட்டம் தேறிவிட்டது, இனி அங்கே போகும் சத்துமாவை வேறு மாவட்டத்துக்குத் திருப்பலாம் என்று அறிக்கையே எழுதிவிட்டார். பணம் கொடுக்கும் நிறுவனம் வெள்ளிக்கிழமைக்குள் அதைக் கேட்டிருந்தது.

"நல்ல செய்திதானே, ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றேன்.

"மழைக்காலம் எண்டால் போன அறுவடை முடிஞ்சு, அடுத்தது வராத காலம். வீட்டில ஒண்டும் இராது. அந்த நேரம் பார்த்துப் பிள்ளையள் கொழுக்குமே?"

மறுநாள் காலை என்னிடம் வந்தார். "நாளைக்கு உங்கட வீட்டை ரெண்டு பேர் சாப்பிட வருவினம்."

"யாருண்ணே?"

"ஒண்டு நான். மற்றது அந்த ஊர் நர்ஸ்."

அந்த மாவட்டத்தில் குழந்தைகளை எடைபோட்ட நர்ஸ் கிரேஸ், பயிற்சிக்காகச் சிட்னி வந்திருந்தாள். அவளைத் தேடிக் கண்டுபிடித்து, என்னைக் கேட்காமலே என் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்திருந்தார். எனக்குக் கோபம்தான். ஆனால் கிரேஸ் வந்து உட்கார்ந்து, ஸ்பூனைத் தள்ளி வைத்துவிட்டு, சாம்பார் சாதத்தை அழகாக உருட்டிச் சாப்பிட ஆரம்பித்ததும் கோபம் போய்விட்டது. "எங்க வீட்ல சோளமாவுக் களியை இப்படித்தான் சாப்பிடுவோம்" என்றாள். அவள் பேசியது ஆங்கிலம். ருசி தெரிந்து சாப்பிட்டவள் என்பதால் என் தமிழில் சொல்கிறேன்.

நாடா அண்ணை கேட்டார்: "மழைக்காலத்தில் மெலிந்த குழந்தைகள் எங்கே போகிறார்கள்?"

கிரேஸ் சாப்பிடுவதை நிறுத்தினாள். "எங்கேயும் போகமாட்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் வீட்டிலேயே இருப்பார்கள். எடைபோடும் இடம் இந்தப் பக்கம், சாலை ஓரத்தில். மழை வந்தால் ஆற்றைத் தாண்ட முடியாது. தண்ணீர் வடிந்து நாங்கள் போய்ப் பார்க்கும்போது சில வீடுகளில் அந்தக் குழந்தை இருக்காது."

என் கணவர் அன்று வேலை முடிந்து வரத் தாமதம். அவர் வந்து கதவைத் திறந்தபோது எங்கள் கூடம் முழுக்க அட்டைகள். நாடா அண்ணை அட்டைகளின் நகல் கட்டுகளைப் பெட்டியோடு தூக்கி வந்திருந்தார். கிரேஸ் ஊர்ப்பெயர்களைச் சொல்லச் சொல்ல, நான் ஆற்றின் இந்தக் கரை ஊர்களைச் சோபா பக்கமும் அந்தக் கரை ஊர்களை டிவி பக்கமும் மாதவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். என் கணவர் குழம்பிப்போய் நடுவில் ஒரு காலை வைத்தார்.

"தம்பி, பாத்து. நீங்கள் ஆத்துக்குள்ள நிக்கிறியள்" என்றார் நாடா அண்ணை.

அவர் அப்படியே நின்றார். பாவம், ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

அடுக்கி முடித்ததும் யாரும் விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வெயில் மாதங்களில் இரண்டு கரையிலும் அட்டைகள். மழை மாதங்களில் டிவி பக்கம் வெறும் தரை. வெயில் மாதங்களில் மெலிந்திருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் அந்த டிவி பக்கத்துப் பிள்ளைகள்தான். கிரேஸ் அந்த வெறும் தரையைப் பார்த்தபடி, "இதை நான் எத்தனையோ தடவை சொன்னேன். கணக்கில் காட்டு என்றார்கள். வராத பிள்ளையை நான் எப்படிக் கணக்கில் காட்டுவேன்?" என்றாள்.

மறுநாள் நாடா அண்ணை தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வராதவர்கள் குணமானதால்கூட வராமல் இருக்கலாம் அல்லவா? இல்லாத எண்ணை வைத்து அறிக்கை எழுத முடியாது" என்றார். அது முழுக்கத் தப்பான வாதமும் இல்லை. அதனால்தான் நாடா அண்ணைக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. திரும்பி வந்து நெடுநேரம் லிஃப்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் எங்கள் கட்டடத்தில் ஓர் அறிவிப்பு. கடைசி மாடியில் துறை ஊழியர் எல்லாருக்கும் எடை பார்க்கப்படும், தேநீரும் பிஸ்கெட்டும் உண்டு. பக்கத்திலேயே லிஃப்ட் கதவில் இன்னோர் அறிவிப்பு, 'வேலை செய்யவில்லை' என்று. இரண்டிலும் ஒரே கையெழுத்து. அதை நான் மட்டும்தான் கவனித்தேன், கவனித்ததை வெளியே சொல்லவில்லை.

படியேறி வந்தவர்கள் என்னைப் போன்ற ஒல்லிகளும், தினமும் ஓடுகிற சில ஆராய்ச்சி மாணவர்களும்தான். நாடா அண்ணை பயபக்தியோடு எங்களை எடைபோட்டார். பிற்பகலில் என்னை டைப் செய்யச் சொல்லித் தலைவருக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் சாரம் இதுதான்: 'இத்துறையில் உடல் பருமன் உள்ளவர் எவரும் இல்லை. சராசரி எடை கவலை தரும் அளவுக்குக் குறைவு. எனவே எல்லாருக்கும் தினமும் வெண்ணெய் பிஸ்கெட் வழங்கப் பரிந்துரைக்கிறேன்.'

தலைவர் அதைப் படித்துவிட்டு எங்கள் அறைக்கே வந்துவிட்டார். வாசலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன விளையாட்டு? என்னை நீ எடைபோடவே இல்லையே."

"நீங்கள் வரவில்லையே, ஐயா. குணமாகிவிட்டீர்கள் என்று நினைத்தேன்."

"லிஃப்ட் ஓடவில்லை. என் முழங்கால் உனக்குத் தெரியாதா?"

"தெரியும் ஐயா. அந்த மாவட்டத்தில் லிஃப்ட் இல்லை. ஆறு இருக்கிறது."

இவருக்கு வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். தலைவர் முகம் சிவந்தது. பிறகு பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அறிக்கைத் தாளை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார்.

"அந்த நர்ஸ் இன்னும் சிட்னியில்தான் இருக்கிறாளா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றார் நாடா அண்ணை, பதற்றத்தில் 'யெஸ்' மறந்துபோய்த் தமிழில்.

கிரேஸ் வந்தாள். தலைவர் அவளை உட்காரவைத்து, தானே தேநீர் போட்டுக் கொடுத்து, கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். வெள்ளிக்கிழமை அறிக்கை போகவில்லை. தாமதத்துக்குத் தலைவரே பொறுப்பேற்றுக்கொண்டார். பிறகு போன அறிக்கையில், மாவட்டம் தேறவில்லை, சத்துமாவைத் திருப்பக்கூடாது என்று இருந்தது. மழைக்கு முன்பே அந்தக் கரையில் மாவு சேர்த்துவைக்க வேண்டும். அங்கே ஒரு மரத்தில் தராசு தொங்கவிட வேண்டும். அந்த ஊர்ப் பெண்களுக்கே நாடாவால் கை அளக்கச் சொல்லித்தர வேண்டும். இதெல்லாம் கிரேஸ் சொன்னவை. அவள் பெயரோடுதான் எழுத வேண்டும் என்று நாடா அண்ணை அடம்பிடித்தார். அப்படியே எழுதப்பட்டது.

கிரேஸ் ஊர் திரும்பினாள். அடுத்த மழைக்காலக் கணக்கு வந்தபோது, மெலிந்த குழந்தைகளின் எண்ணிக்கை தடாலென்று ஏறியிருந்தது. பணம் கொடுக்கும் நிறுவனம் கலவரப்பட்டுத் தந்தி அடித்தது. அன்றைக்கு நாடா அண்ணை ஒரு பெரிய பாத்திரம் நிறைய கேசரி கிளறிக்கொண்டு வந்து துறை முழுக்கக் கொடுத்தார்.

"பட்டினிப் பிள்ளைகள் அதிகமாகியிருக்கிறார்கள், இந்த ஆள் இனிப்புக் கொடுக்கிறான்" என்று ஓர் ஆராய்ச்சியாளர் என்னிடம் ரகசியமாகக் கவலைப்பட்டார்.

நான் நாடா அண்ணையிடம் கேட்டேன். அவர் கண் கலங்கியிருந்தது. கேசரி கிளறிய புகை என்று சொல்லப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார்.

"கூடினதில்லை தங்கச்சி. கண்டுபிடிச்சிட்டினம். அவ்வளவு பேரும் முந்தியும் இருந்தவை. இப்ப வரிசையில வந்து நிக்கினம், சாப்பாடு வாங்கினம்."

அதற்கடுத்த மழைக்காலத்தில் எண்ணிக்கை உண்மையாகவே இறங்கியது. இரு கரையிலும் அட்டைகள் வந்தன, மெலிந்தவர்கள் குறைந்திருந்தார்கள். துளைபோட்டுக்கொண்டே வந்த நான் ஒரு குழந்தையின் பெயரைக் கவனித்தேன். போன வருஷம் மிக மோசமாக இருந்த கை. இப்போது நன்றாகத் தேறியிருந்தது. எழுந்துபோய் அந்த அட்டையை அவரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளைகள் வழியே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த மாவட்டம் போல எத்தனை மாவட்டமோ என்று அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த நாட்டிலேயே வேலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். விமான நிலையத்துக்கு நாங்கள் போனோம், தலைவரும் வந்தார். நாடா அண்ணை தலைவரோடு கடைசி நிமிஷம் வரைக்கும் ஏதோ ஒரு சராசரி தப்பு என்று சண்டை போட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பி, "சரி, போட்டு வாறன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

முதல் வாரம் துறை அமைதியாக இருந்தது. எல்லாருக்கும் நிம்மதி. இரண்டாவது வாரம் தலைவர் ஒரு கூட்டத்தில் நீளமாக ஏதோ சொல்லி முடித்தார். எல்லாரும் தலையாட்டினோம். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நான் சொன்னது தப்பு என்று சொல்ல இங்கே ஒருவரும் இல்லையா?" என்று கேட்டார்.

அந்த அறை அவ்வளவு பெரியது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.