மூன்றாவது போர்ட்டில் மஞ்சள் துணி

"கூலிக்குப் போற வூட்டுப் பொண்ணு. காலேஜு போயிட்டா மட்டும் டிவி வயரு புரிஞ்சிடுமாம்மா?"

என்னிடம் இப்படிக் கேட்டவர் ஃபோர்கே அண்ணன். திருப்பதியில் அவரைவிட அதிகமாக டிவி பார்த்தவரும் கிடையாது, அவரைவிடக் குறைவாக டிவியைப் பற்றித் தெரிந்தவரும் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், பையன்கள் காசு கொடுத்து டிவியில் வீடியோ கேம் ஆடும் கேம் சென்டர் வைத்திருந்தார். டிவியில் துல்லியமான படத்துக்குச் சொல்கிற 4K இருக்கிறதே, நன்றாக இருக்கும் எதுவும் அவருக்கு அந்த ஃபோர்கேதான். "இன்னிக்கு டீ ஃபோர்கேல கீது" என்பார். பொண்டாட்டி கோபித்துக்கொண்டு புத்தூர் தாய்வீட்டுக்குப் போன நாட்களில் மட்டும் வாழ்க்கை "சாதா எச்டி" ஆகிவிடும்.

நான் வடமாலபேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, மெஷின் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நம்பித்தான் சேர்ந்தேன். கூலி வேலைக்குப் போகும் என் அப்பா, நைனா, ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். அண்ணன் கொடுத்ததோ டோக்கன் கிழிக்கிற வேலை.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மூன்று ஆகாது. பையன்கள் மூன்று பேராகப் படியேறினால் ஒருவனைக் கீழேயே நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து வரச் சொல்வார். புது டிவி வந்தால் நாலு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைப்பார். பிறகு பின்பக்கம் போய், வயர் சொருகும் ஓட்டைகளில் மூன்றாவது எச்டிஎம்ஐ போர்ட்டில் மஞ்சள் துணியைத் திணித்து அடைப்பார். கேம் கன்சோலின் வயர் எப்போதும் ஒன்றாம் போர்ட்டில்தான்.

ஒருமுறை பெரிய ஃபோர்கே டிவியும் புதுக் கன்சோலும் வாங்கினார். கிரிக்கெட் கேம் போட்டால் படமோ பழைய டிவி போலவே இருந்தது.

"இன்னாண்ணா, பந்து இட்லி மாதிரி கீது?" என்றான் ஒரு ஹாஸ்டல் பையன்.

"பின்னாடி போய் ஒக்காந்து பாரு. ஃபோர்கே தூரத்துலதான் தெரியும்."

அவன் சுவர் வரைக்கும் போனான். இட்லி சின்னதானது, அவ்வளவுதான்.

நான் ரிமோட்டை எடுத்துத் திரையின் விவரத்தைப் பார்த்தேன். 1080 என்றது, அதாவது சாதா எச்டி. டிவியின் பின்னால் பொடி எழுத்தில், மூன்றாவது போர்ட்டின் பக்கத்தில் மட்டும் 4K என்று இருந்தது.

"அண்ணா, டிவி ஃபோர்கேதான். ஆனா இதுல ஒன்னாம் போர்ட்டு அவ்ளோ படத்த உள்ள வாங்காது. அதனால கன்சோல் 1080தான் அனுப்பிக்கினு கீது. மூணுல சொருவணும்."

அப்போது வந்ததுதான் அந்தக் கூலி வீட்டுக் கேள்வி. பையன்கள் சிரித்தார்கள். 

சனிக்கிழமை அவர் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் மஞ்சள் துணியைப் பிடுங்கினேன். வயரை மூன்றில் சொருகி, கன்சோலின் செட்டிங்கில் 4K வைத்தேன். மைதானத்துப் புல் தனித்தனியாகத் தெரிந்தது. பந்தின் தையல் தெரிந்தது. திரும்பி வந்த அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஒன்னாம் நம்பர்னா சும்மாவா?"

"மூணுண்ணா" என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அவர் டிவியின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். வயரைப் பிடுங்கவில்லை. மறுநாள் பார்த்தால், 3 என்ற எண்ணின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி 1 என்று எழுதியிருந்தார். அந்த டிவிக்கு மட்டும் இரண்டு ஒன்றாம் நம்பர். யார் சரி செய்தது என்று கேட்டவர்களிடம் கூசாமல் தன்னைக் காட்டிக்கொண்டார். எனக்கு மறுபடியும் டோக்கன். ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, வேலையை விட்டேன். பையன்களின் அந்தச் சிரிப்புச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை.

போன மாதம் அவரிடமிருந்து போன் வந்தது.

"பாப்பா, இன்னொரு டிவி வாங்கிக்கீறேன். பின்னாடி நாலு போர்ட்டு கீது. எது ஒன்னு?"

"ஒன்னுன்னு போட்டிருக்கும்ணா."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அது இல்ல. உன் ஒன்னு."

டிவியின் மாடலைக் கேட்டு, அதில் 4K வாங்கும் போர்ட் எது என்று சொன்னேன். நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார்.

சித்தூரில் நானே ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துவிட்டேன். என் கேம் சென்டர், என் மெஷின்கள். அந்த அறைக்கு மூன்று டிவிதான் சரியாக இருக்கும். நெருக்கி நாலு மாட்டியிருக்கிறேன். மூன்று என்றால் அந்த மனுஷன் வந்து பார்க்கப் படியேற மாட்டார்.