செக்‌ஷன் நைனாவின் மாடிப்படி வழக்கு

1. காலை ஆறரைக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது.
2. வரிசையில் ஏழாவதாக நான் வைத்த நீலக் குடம் பதினொன்றாவதாக நின்றது.
3. போலீசுக்குப் போவேன் என்று கத்தினேன்.
4. பின்னாலிருந்து ஒரு குரல், "போவாத மா. இது சிவில்" என்றது.

வடசென்னையில் கல்மண்டபத்திலிருந்து டோல்கேட் வரை நடக்கும் எந்தச் சண்டையையும், ஒரு வாய் டீ உள்ளே இறங்குவதற்குள் சிவில், கிரிமினல் என்று பிரித்து வைக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவுக்கு அவர் செக்‌ஷன் நைனா. சொந்தப் பெயர் கோர்ட்டில் பேர் சொல்லிக் கூப்பிடும் டவாலிக்கு மட்டும் தெரியும்.

"குடத்த நகத்துனா சிவில். வூட்டுக்குத் தூக்கினு போனா கிரிமினல். அதாலயே மண்டைல ஒண்ணு வுட்டா ரெண்டும்" என்றார்.

மணலியில் ஓர் ஆலையில் அலாரங்களை அவசரம், அவசரமில்லை என்று வகைப்படுத்துவது என் வேலை. அதனால் அவரை எனக்கு உடனே பிடித்துவிட்டது. சேலத்திலிருந்து வந்து, அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் தனியாக இருந்தேன். ஆலைக்கு வெளியே என்னிடம் பேசுகிறவர்களை ஒரு கை விரல்களில் எண்ணலாம். பல நாட்கள் ஒரு விரலே போதும். அது அவர்.

மீன் விற்கும் எஸ்தர் அக்கா ஒருநாள் அலறிக்கொண்டு வந்தார். மசாலா தடவி வைத்த வஞ்சிரத்தைப் பக்கத்து வீட்டுப் பூனை தின்றுவிட்டது.

"அத்த உள்ள போடணும் நைனா!"

"பூனைக்குக் கெட்ட எண்ணம் இருந்திச்சுன்னு நிரூபிப்பியா?"

"மூஞ்சப் பாரு நைனா, திருட்டு மூஞ்சி!"

"கிரிமினல்னா துளி சந்தேகம் இருக்கக் கூடாது. சிவில்ல, எது நெசமா இருக்கும்னு தோணுதோ அது போதும். பூனய வுடு. வளக்கறவ மேல சிவில் போடு."

"போய்யா, மீன் போன பேஜாருல நீ வேற" என்று அக்கா திரும்பிப் போனார். பூனை நைனாவின் காலடியில் வந்து படுத்தது.

அவருடைய சொந்த வழக்கு ஆறு வருடமாக நடக்கிறது. அப்பா கட்டிய வீட்டில் அண்ணனான இவருக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. மொட்டை மாடிக்குப் போகும் படி தம்பியின் பாதியில் இருந்தது. தம்பி குறுக்கே சுவர் எழுப்பினார். தடுக்கப்போன நைனாவைத் தள்ளியதில் இடது கை உடைந்து, கோணலாகக் கூடியது.

"கையை உடைச்சது கிரிமினல் தானே, நைனா?"

"கிரிமினல்தான். செவுருதான் சிவில்."

"அப்புறம் ஏன் சிவில் மட்டும் போட்டீங்க?"

கோணல் கையைத் தடவினார். "கிரிமினல்னா எனக்காக சர்க்காரே நிக்கும். அவன உள்ள வெச்சிரும். சிவில்ல நான்தான் நிக்கணும். அவனும் வருவான். வூட்ல பேச்சு வார்த்த இல்ல மா. மாசத்துல ஒரு தபா ஒரே பெஞ்சில குந்துறோம்."

போன மாதம் நெஞ்சுச் சளி முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மூச்சு வாங்கியதைவிட அவருக்கு வேறு கவலை. "நாளிக்கு வாய்தா. நான் நிக்கலன்னா கேஸத் தள்ளிருவாங்க. அப்புறம் பெஞ்சும் இல்ல."

அவருக்கு வக்கீல் கிடையாது. டாக்டர் கடிதத்துடன் நான் போனேன். வழக்கைக் கூப்பிட்டார்கள். வாதி வரவில்லை. நான் எழுந்தேன்.

"நீங்க யாரும்மா?" என்றார் நீதிபதி.

"பக்கத்து வீடு" என்றேன். உடனே பிரதிவாதி எழுந்தார். தள்ளுபடி கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். நல்ல ஆரோக்கியமான தம்பி, வாயைப் பொத்திக்கொண்டு மூன்று முறை இருமினார்.

"ஐயா, எனக்கும் ஒடம்பு முடியல. வேற வாய்தா குடுங்க."

கடிதத்தைப் படித்து, இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நீதிபதி தேதி கொடுத்தார்.

வராந்தாவில் தம்பி என்னிடம் கேட்டார்: "அண்ணனுக்கு இன்னா ஆச்சு? ரெண்டு நாளா செவுத்துக்கு அந்தாண்ட இருமல் சத்தமே கேக்கல."

ஆஸ்பத்திரியில் இதை அப்படியே சொன்னேன். வீடு திரும்பிய அன்று, நைனா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தேவையே இல்லாமல் ஒரு முறை பலமாக இருமினார். அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது.

இப்போதைய நிலை: சுவர் அப்படியே இருக்கிறது. வழக்கு நிலுவையில் இருக்கிறது. அடுத்த வாய்தா செவ்வாய்க்கிழமை. அந்தப் பெஞ்சில் மூன்று பேர் உட்காரலாம். நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.