ஸ்கிரீனில் மிச்சம் பிடித்தவன்

பர்ச்சேஸ் டிபார்ட்மெண்டில் வேலை பார்க்கிறவனைக் கல்யாணம் செய்துகொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அவனைக் கடைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு எல்லாத் தகுதியும் உண்டு. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனிக்குக் காப்பர் வயர், பேரிங், காஸ்டிங் எல்லாம் வாங்கிப் போடுவதுதான் என் பிழைப்பு. சப்ளையர் சொல்லும் விலையில் பாதியைக் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. (எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரம்மா என் தலை தெரிந்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.)

என் மனைவி ஜெசிந்தா துணி டிசைனர். திருப்பூரில் நல்ல வேலையில் இருந்தவள், மகள் பிறந்ததும் விட்டுவிட்டாள். யாராவது கேட்டால், "டிசைனரா இருந்தேனுங்க" என்பாள். அந்த 'இருந்தேன்' என்ற வார்த்தையை அவள் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, ஈரோட்டில் பெட்ஷீட் தயாரிக்கும் சென்னியப்பன் என்பவரிடம் பேசி ஒரு வாய்ப்பு வாங்கினாள்.

"ஒரு டிசைன் செஞ்சு அனுப்புங்க அம்மணி. நல்லா வந்துச்சுன்னா மாசாமாசம் உங்களுக்கே குடுத்தறனுங்க" என்று அவர் போனில் சொன்னதை ஜெசிந்தா ஸ்பீக்கரில் போட்டு எனக்குக் கேட்க வைத்தாள். அன்று தோசை சுடும்போது பாடிக்கொண்டே சுட்டாள். பல வருஷமாக அந்தச் சமையலறையில் கேட்காத பாட்டு அது.

வேலைக்கு ஒரு லேப்டாப் வேண்டும். அவள் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு இருந்தது, அதற்கு மேல் வழியில்லை. "நீ கவலையே படாதே ஜெசி, நான் பார்த்துக்கறேன்" என்றேன். (அவள் கவலைப்பட ஆரம்பித்திருக்க வேண்டிய இடம் அதுதான்.)

பம்ப்செட்டில் ஊறிய மூளை என்னுடையது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் 'இதில் மோட்டார் எது?' என்றுதான் தேடும். கொஞ்ச நாள் யூடியூபில் மூழ்கி எழுந்ததில் பதில் கிடைத்தது. லேப்டாப்பில் பிராசசர்தான் மோட்டார். ரேம்தான் குழாயின் அகலம். மற்றதெல்லாம் வெளியே அடிக்கிற பெயிண்ட். மோட்டாருக்கு எந்தக் கலர் அடித்தால் என்ன, தண்ணீர் வந்தால் போதாதா? இந்தத் தத்துவத்தை ஆபீஸ் டீ இடைவேளையில் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்களும் பம்ப்செட்காரர்கள்தானே.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கடைக்குப் போனோம். எங்கள் பட்ஜெட்டுக்கு இரண்டு லேப்டாப்களை எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒன்றில் நல்ல டிஸ்ப்ளே, சுமாரான பிராசசர். இன்னொன்றில் பிராசசர் பிரமாதம், டிஸ்ப்ளே மட்டம். ஜெசிந்தா முதல் லேப்டாப்பின் முன்னாலேயே நின்றாள். குனிந்து பார்த்தாள், தள்ளிப் போய்ப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல கலர் நல்லாத் தெரியுதுங்க. எனக்கு ஸ்கிரீன் நல்லா இருந்தாப் போதுமுங்க."

"ஸ்கிரீன் சும்மா பாக்கறதுக்குத்தானே ஜெசி? உள்ளே ஓடறதுதான் முக்கியம்."

"நானும் பாக்கறதுக்குத்தானுங்க கேக்கறேன்" என்றாள் மெதுவாக. நான் அதற்குள் கடைக்காரரிடம் பேரத்தை ஆரம்பித்திருந்தேன். இரண்டாவது லேப்டாப்பையே எடுத்து, ஸ்கிரீனில் மிச்சம் பிடித்த காசில் கூடுதல் ரேம் போடச் சொன்னேன். அங்கேயே பின்மூடியைக் கழற்றி, ரேமைக் கண்ணில் காட்டிவிட்டு மாட்டச் சொன்னேன். பை, மவுஸ், கீபோர்டுக்கு மேல் போடும் உறை என எல்லாம் இலவசமாகக் கறந்தேன். கடைக்காரர் கடைசியில் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். மரியாதை என்று அன்று நினைத்தேன்.

வீட்டில் அந்த லேப்டாப் பட்டனைத் தொட்டதும் எழுந்துவிடும். ஆனால் ஸ்கிரீனைப் பார்த்தால் எல்லாக் கலரும் பத்துத் தடவை துவைத்த மாதிரி இருக்கும். கொஞ்சம் சாய்த்தால் பச்சை நீலமாகும், நிமிர்த்தினால் நீலம் சாம்பலாகும். ஜெசிந்தா ஒரு கழுத்தை வைத்துக்கொண்டு நாலு கோணத்தில் பார்ப்பாள்.

"எதுங்க நெசமான கலரு? எனக்கே தெரீலீங்க" என்றாள் ஒருநாள்.

"நடுவுல உக்காந்து பாரு. ஸ்கிரீனை அசைக்காதே" என்றேன், பெரிய இன்ஜினியர் மாதிரி.

சந்தன நிறத்தில் தரை, அதில் இளம்பச்சைக் கொடி, அங்கங்கே வெளிர் மஞ்சள் பூ. இதுதான் அவள் டிசைன். ஸ்கிரீனில் அது வெளுத்துத் தெரியவே, கலரைக் கொஞ்சம் ஏற்றினாள். இன்னும் வெளுப்பு. இன்னும் ஏற்றினாள். கடைசியில் அவள் மனசில் இருந்த சந்தனம் ஸ்கிரீனில் வந்தது. அனுப்புவதற்கு முன்னால், "ஒருக்கா வெளிய பிரிண்ட் எடுத்துப் பாத்துக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

"அது எதுக்கு வெட்டிச் செலவு? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்றேன். அந்த வாயில் அன்று யாராவது மாவைத் திணித்திருக்கலாம்.

சென்னியப்பன் சாம்பிள் அடித்துவிட்டு நேரில் வரச் சொன்னார். ஆர்டர்தான் என்று நினைத்து லீவு போட்டு நானும் கிளம்பினேன். லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டேன். (நல்ல பொருளை நாலு பேருக்குக் காட்ட வேண்டாமா?)

ஈரோட்டில் அவர் ஆபீசில் மோர் கொடுத்தார்கள். பிரயாணம் எப்படி என்று கேட்டார், மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டார், கோவையில் மழை உண்டா என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ஒருவர் இத்தனை கேள்வி கேட்டால், கெட்ட செய்தி பின்னால் வருகிறது என்று அர்த்தம். எனக்கு அது உறைக்கவில்லை.

கடைசியில் பெட்ஷீட்டை மேசையில் விரித்தார். நான் என்னை அறியாமல் நாற்காலியைப் பின்னால் இழுத்தேன். சந்தனம் இருக்க வேண்டிய இடத்தில் பழுத்த ஆரஞ்சு. கொடி கிளிப்பச்சை. பூவெல்லாம் மஞ்சள் மண்டியையே கொட்டிக் கவிழ்த்த மாதிரி எரிந்தது. ஜெசிந்தா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"டிசைனு நெம்ப நல்லா இருக்குதுங்க அம்மணி. அதுல ஒரு கொறையுமில்லீங்க" என்றார் சென்னியப்பன். கொஞ்ச நேரம் துணியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆனா இது படுக்கறதுக்கு விரிக்கறதில்லீங்களா? இதுல படுத்தாத் தூக்கம் வருமுங்களா?"

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மோட்டார்க்காரனால் முடியுமா? லேப்டாப்பைத் திறந்து அவர் முன்னால் தள்ளினேன். அதில் அழகான சந்தன நிறம். அவர் மேசை மானிட்டரிலும் அதே டிசைன் இருந்தது, பெட்ஷீட் மாதிரியே எரிந்துகொண்டு.

"பாருங்க, டிசைன் கரெக்ட்தான். உங்க மானிட்டர்லதான் ஃபால்ட். எங்குளுது லேட்டஸ்ட் பிராசசருங்க. நீங்க மானிட்டரை மாத்துங்க, அப்படியே பிரிண்டிங் மிஷினையும் ஒருக்கா செக் பண்ணிருங்க" என்றேன்.

இன்னும் நன்றாகத் தெரியட்டும் என்று நானே லேப்டாப் மூடியை லேசாகச் சாய்த்தேன். சந்தனம் சாம்பலாகி, சாம்பல் ஊதாவாகி, கொடி காணாமலே போனது. ஆபீசில் எல்லோரும் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். சென்னியப்பன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னொரு டம்ளர் மோர் சாப்புடறீங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊர் மரியாதையில் அதைவிடப் பெரிய அடி கிடையாது.

திரும்பி வரும்போது ரயிலில் ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள். திருப்பூர் தாண்டிய பிறகு நான், "ஸ்கிரீன் பேனலை மட்டும் மாத்த முடியுமான்னு கடையில கேக்கறேன்" என்றேன்.

"கடையில கேளுங்க. யூடியூபுல கேளுங்க. ஆபீசுல இருக்கறவங்க எல்லார்த்தையும் கேளுங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. "எங்கண்ணுதானுங்க எந்தொழிலு. அதைய நம்பி ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டீங்களா?"

அழுதுவிடுவேனோ என்று பயந்து, ஓசியில் வாங்கிய அந்த லேப்டாப் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தேன்.

அவளை இதில் நான் காப்பாற்றவில்லை, அவளே எழுந்து வந்தாள். சென்னியப்பனுக்கு அவளே போன் செய்து, "தப்பு எங்க பக்கமுங்க, இன்னொரு வாய்ப்புக் குடுங்க" என்று கேட்டாள். கூட வேலை பார்த்த ஒரு தோழி வீட்டில் நல்ல மானிட்டர் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்து கலரைத் திருத்தி, வெளியே பிரிண்ட் எடுத்துப் பார்த்து அனுப்பினாள். ஆர்டர் வந்தது. முதல் சம்பளத்தில் தனியாகக் கடைக்குப் போய் ஒரு நல்ல மானிட்டர் வாங்கி, அந்த லேப்டாப்போடு இணைத்துக்கொண்டாள். "எவ்வளவு?" என்று கேட்டேன். "அதைய மட்டும் கேக்காதீங்க, உங்குளுக்குத் தூக்கம் வராது" என்றாள்.

அந்த ஆரஞ்சுப் பெட்ஷீட்டை வீணாக்க வேண்டாம் என்று சென்னியப்பன் எங்களுக்கே கொடுத்து அனுப்பினார். வீட்டில் அதற்குப் பெயர் 'பிராசசர்'. விருந்தாளி வந்தால் என் மகள், "அம்மா, மாமாவுக்குப் பிராசசரை விரிக்கட்டுமா?" என்று கேட்பாள். என் மச்சான் அதில் படுப்பதற்கு முன்னால் கூலிங் கிளாஸ் கேட்பான். எத்தனை வருஷம் துவைத்தும் கலர் ஒரு பொட்டும் போகவில்லை.

கதை சர்ச் வரைக்கும் போய்விட்டது. போன மாதம் எங்கள் சர்ச் ஆபீசுக்கு லேப்டாப் வாங்க ஃபாதர் ஒரு கூட்டம் போட்டார். குறைந்த பட்ஜெட். வாங்கிப் போடுவதையே தொழிலாக வைத்திருக்கும் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஃபாதர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அந்தோணி, நீங்க டீயைக் கவனிச்சுக்குங்க. ஜெசிந்தாம்மா, நீங்க வாங்க" என்றார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது?

ஆளாளுக்குப் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி என்று பேச ஆரம்பித்தார்கள். ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஃபாதர், நீங்க இதுல என்ன வேலை செய்யப் போறீங்க?" என்றாள்.

ஃபாதர், "இத யாருமே கேக்கலீங்கம்மா" என்று ஆரம்பித்து, கண் ஆபரேஷனுக்குப் பிறகு சின்ன எழுத்தே தெரிவதில்லை என்பதையும், அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததையும் சொன்னார்.

நான் மூலையில் டீயை வடிகட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பைசாச் செலவில்லை. அன்று கடையில் ஜெசிந்தாவிடம் அதிலும் மிச்சம் பிடித்தவன் நான்.